கிராஜுவேட் என்பவர் யார்?

(ஜமாஅத் கல்விப் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒவ்வோர் ஆண்டும் இந்நிகழ்ச்சிக்கு முன்பாகக் கல்வி உதவி கோரும் விண்ணப்பங்களை நாம் பெறுகிறோம். அவ்விண்ணப்பத்தில் 'குடும்பத்தினரின் கல்வித் தகுதி' என்றொரு கட்டம் உண்டு. அதில் ஒருவர் 'டிகிரி முடித்தவர்' என்று எழுதுகிறார். மற்றொருவர் 'பி.காம். பாஸ் அவுட்' என்று எழுதுகிறார். இன்னொருவர் 'காலேஜ் முடிந்தது' என்கிறார். வேறொருவர் 'கிராஜுவேட், மூன்று அரியர்' என்று ஒளிவு மறைவின்றி எழுதி விடுகிறார். நால்வரும் ஒன்றையே சொல்வதாகத் தோன்றும். ஆயினும் விசாரித்தால் நால்வர் நிலையும் நான்கு விதமாக இருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி ஜமாஅத் மேடையில் பேச வேண்டுமா என்று சிலர் கருதலாம். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் நம் பிள்ளைகள் வேலையை இழந்ததையும், பெற்றோர்கள் ஏமாற்றம் அடைந்ததையும், திருமணப் பேச்சுகளில் மனக்கசப்பு நேர்ந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவேதான் இன்று இதனை எடுத்துக்கொண்டோம்.

சொல்லின் வேர்

கிராஜுவேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியிலுள்ள 'கிராடுஸ்' என்பதாகும். அதன் பொருள் 'படி', அதாவது ஏறுவதற்குரிய படி. 'டிகிரி' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததே. காய்ச்சலை டிகிரியில் அளக்கிறோம். கோணத்தை டிகிரியில் அளக்கிறோம். அங்கெல்லாம் அது ஒவ்வொரு படியாக ஏறும் அளவையே குறிக்கிறது. கல்வியிலும் அதே கருத்துத்தான். கிராஜுவேட் என்றால் ஒரு படி ஏறியவர் என்று பொருள். எல்லாவற்றையும் கற்று முடித்தவர் என்ற பொருள் அச்சொல்லில் எங்குமே இல்லை.

நம் தமிழிலோ 'பட்டதாரி' என்கிறோம். பட்டம் என்பது முற்காலத்தில் நெற்றியில் அணிவித்த பொன் தகட்டைக் குறித்தது. அரசருக்கும் சிறப்புப் பெற்றோருக்கும் அது அடையாளமாக விளங்கியது. அதனைத் தாங்கியவர் பட்டதாரி. ஆங்கிலச் சொல் படியை நினைவூட்டுகிறது. தமிழ்ச் சொல் அணிகலனை நினைவூட்டுகிறது. அணிகலன் என்று எண்ணும்போது அதை எப்படியாவது நெற்றியில் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. படி என்று எண்ணும்போது, ஏறினோமா இல்லையா என்ற கேள்வி பிறக்கிறது. 'படி' என்ற சொல் தமிழில் ஏறும் படியையும் குறிக்கிறது, கற்பாயாக என்ற கட்டளையையும் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் கருத்து நம் நாவிலேயே இருக்கிறது.

திருச்சி மலைக்கோட்டையில் ஏறியவர்களுக்குத் தெரியும். நடுவில் அமர்ந்து மூச்சு வாங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாதிப் படியில் அமர்ந்துகொண்டு உச்சியில் நிற்பதாகச் சொல்ல இயலாது.

பட்டம் வழங்குவது யார்?

இப்போது சட்டப்படியான பொருளுக்கு வருவோம். நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் பட்டம் வழங்கிவிட முடியாது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. மத்திய அரசின் அல்லது மாநில அரசின் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பாராளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அக்குழு அவ்வப்போது வெளியிட்டு எச்சரித்து வருவதும் இதனால்தான். சேருமுன் அப்பட்டியலைப் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை.

கல்லூரி கற்பிக்கிறது, பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் பயின்ற திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இல் தொடங்கப்பட்டது. அதில் முற்காலத்தில் படித்த பெரியவர்களின் பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன்பின் வந்த தலைமுறையினரின் சான்றிதழில் அப்பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாமே நடத்தினாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வருகிறது. தந்தையும் மகனும் ஒரே கல்லூரியில் படித்திருந்தும் இருவர் சான்றிதழிலும் இருவேறு பல்கலைக்கழகங்களின் பெயர் இருப்பது கண்டு சிலர் ஐயுறுவதுண்டு. ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

மூன்று நிலைகள்

கல்லூரிக் காலத்தின் இறுதியில் மூன்று நிலைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிந்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதல் நிலை, படிப்புக் காலம் முடிந்த நிலை. மூன்று ஆண்டுகள் வகுப்புக்குச் சென்றாயிற்று. மாற்றுச் சான்றிதழும் கைக்கு வந்தாயிற்று. இவர் படிப்புக் காலத்தை நிறைவு செய்தவர், அவ்வளவே. ஒரு தாள் நிலுவையில் இருந்தாலும் இவர் கிராஜுவேட் ஆகமாட்டார்.

இரண்டாம் நிலை, எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்ற நிலை. இவருக்குத் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கிறது. மேற்படிப்பில் சேரவும் பல பணிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது பயன்படும். பட்டமளிப்பை எதிர்நோக்கி நிற்கும் இவரை ஆங்கிலத்தில் 'கிராஜுவண்ட்' என்று தனிச்சொல்லால் அழைப்பர்.

மூன்றாம் நிலை, பட்டம் அளிக்கப்பட்ட நிலை. பட்டமளிப்பு விழாவைக் 'கான்வொகேஷன்' என்கிறோம். அது 'ஒன்றுகூட அழைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நேரில் சென்றும் பெறலாம். செல்ல இயலாதவர் முறைப்படி விண்ணப்பித்து, வராமலே பெறவும் வழியுண்டு. நம்மவர்களில் சிலர் தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து வெளிநாடு செல்லும் வேளையில் பட்டச் சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். தேர்ச்சி பெற்றவுடன் பட்டத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

'பாஸ் அவுட்' என்று எழுதலாமா?

நம் நாட்டில் 'நான் 2005 பாஸ் அவுட்' என்பது பழகிப்போன வழக்கு. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் அது புரியும். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் அதன் பொருள் மயங்கி விழுதல். இராணுவத்திலும் காவல்துறையிலும் பயிற்சி முடித்து வெளியேறுவோரின் அணிவகுப்புக்கு மட்டும் 'பாஸிங் அவுட்' என்பது முறையான பெயர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில் ஒரு மாணவர் அவ்வாறு எழுதினால், இன்ன ஆண்டில் மயங்கி விழுந்தேன் என்று படிப்பவர் கொள்ளக்கூடும். 'கிராஜுவேட்டெட்' என்று எழுதுவதே நலம். கல்லூரிப் பெயருக்கு முன் 'ஃப்ரம்' என்றும், பாடத்தின் பெயருக்கு முன் 'இன்' என்றும் சேர்க்க வேண்டும்.

உச்சரிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆளைக் குறிக்கும்போது இறுதியைக் குறுக்கி 'கிராஜுவட்' என்பர். செயலைக் குறிக்கும்போது நீட்டி 'கிராஜுவேட்' என்பர். நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர் இதனைக் கவனத்தில் கொள்ளலாம்.

நாட்டுக்கு நாடு பொருளும் மாறுகிறது. பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரையே கிராஜுவேட் என்பர். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடித்தவரும் 'கிராஜுவேட்' ஆனதாகவே சொல்லப்படுவார். நாம் முதுகலை என்பதை நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் 'போஸ்ட் கிராஜுவேட்' என்பர். அமெரிக்காவில் அதே படிப்பைக் 'கிராஜுவேட் புரோகிராம்' என்பர். இளங்கலை படிக்க விரும்பும் மாணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் படிவத்தில் 'கிராஜுவேட்' என்ற பகுதியை நிரப்பினால் அது முதுகலைக்கான விண்ணப்பமாகிவிடும். அவர் நிரப்ப வேண்டியது 'அண்டர் கிராஜுவேட்' என்ற பகுதியையே.

ஒரு சொல்லால் நேரும் இழப்பு

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். பெயரும் ஊர்த்தெருவும் வேண்டாம். ஓர் இளைஞர் மூன்றாண்டுகள் கல்லூரிக்குச் சென்று வந்தார். இரண்டு தாள்கள் நிலுவை. வீட்டில் 'முடித்துவிட்டேன்' என்றார். அவர் பொய் சொல்ல எண்ணவில்லை. படிப்புக் காலம் முடிந்ததைத்தான் சொன்னார். தாயார் தெருவுக்கே இனிப்பு வழங்கினார். அதன்பின் உண்மையைச் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. சில ஆண்டுகளில் வளைகுடா நாடொன்றில் வேலைக்கு அழைப்பு வந்தது. விண்ணப்பத்திலும் கிராஜுவேட் என்றே எழுதினார். அத்தகைய பணிகளுக்குப் பட்டச் சான்றிதழ் மாநில அரசிலும் வெளியுறவு அமைச்சகத்திலும் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கிறது. பட்டம் உண்மையானதா என்று பல்கலைக்கழகத்திடமே கேட்டறிவதும் உண்டு. அந்த இடத்தில் எல்லாம் நின்றுபோயிற்று. வேலை போனதைவிட, அன்று இனிப்பு வழங்கிய தாயாரின் முகத்தைப் பார்க்க முடியாமற்போனதே தமக்குப் பெருந்துன்பம் என்று அவர் எங்களிடம் கூறினார்.

எங்கள் கல்விக் குழுவும் அதில் தவறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்த மூன்று ஆண்டுகளும் அவருக்குக் கட்டண உதவி அளித்தோம். நான்காம் ஆண்டில் 'அரியர் தேர்வுக் கட்டணம் வேண்டுமா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. படிப்புக் காலம் முடிந்ததும் எங்கள் உதவியும் முடிந்துவிட்டது. பட்டம் பெறும் வரை துணை நிற்பதே உதவி என்பதை அவரிடமிருந்தே கற்றோம்.

அரசின் திட்டங்களிலும் இச்சொல்லுக்குப் பணமதிப்பு உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், 2011 முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும், தாலிக்குத் தங்கமும் வழங்கப்பட்டன. 2022இல் அத்திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்குவது என்று அது அமைந்தது. திருமணத்தின்போது தந்த உதவி, படிக்கும்போதே தரும் உதவியாயிற்று. 'படித்தது போதும்' என்று இரண்டாம் ஆண்டிலேயே பெண்ணைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அப்பெண் ஏறிய படிகளைப் பின்னர் எவரும் கணக்கில் கொள்வதில்லை. வரன் பார்ப்போர் இன்னும் ஓராண்டு பொறுத்தால் அவள் வாழ்நாள் முழுவதும் பட்டதாரியாக இருப்பாள்.

'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்ற சலுகையும் நாம் அறிந்ததே. குடும்பத்தில் முன்னர் எவரும் பட்டம் பெறாதிருந்தால், தொழிற்கல்வியில் கலந்தாய்வு வழியாகச் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை அளிப்பதென 2010இல் தமிழக அரசு முடிவு செய்தது. அண்ணன் பட்டம் பெறாமலே பட்டதாரி என்று ஊரில் பெயர் பெற்றிருந்தால், தம்பிக்குச் சான்றிதழ் வாங்கச் செல்லும் தந்தையின் நிலை என்னவாகும்? ஒரு சொல்லை மிகைப்படுத்தியதன் சுமை அடுத்த பிள்ளையின் தலையில் விழும்.

நிக்காஹ் பேச்சிலும் அப்படியே. மணமகன் பட்டதாரி என்று சொல்லி, பின்னர் அரியர் உண்டென்று தெரியவரும்போது பெண் வீட்டார் மனம் நோவது படிப்பினால் அன்று, மறைத்ததினால். 'இரண்டு தாள் இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று சொன்னால் எவரும் அதைக் குறையாகக் கொள்ளப்போவதில்லை.

பட்டமில்லாத பெரியோர்

பட்டம் பெறாதவர் தாழ்ந்தவர் என்று இதுவரை சொன்னதிலிருந்து எவரும் பொருள் கொள்ள வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை. அவர் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. அழியும் நிலையிலிருந்த கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளிலிருந்து அச்சேற்றினார். அதே பணியில் அவரோடு ஒப்ப எண்ணப்படும் உ.வே.சாமிநாதையரோ கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். திருச்சிப் பகுதியில் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அவர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துத் தன்னைச் சிறப்பித்துக்கொண்டது. அதே மகாவித்துவானிடம் பயின்ற மற்றொருவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். நாவலர் என்பது புலமை தந்த பெயர்.

இவர்கள் பட்டமின்றியே படிகள் ஏறியவர்கள். ஏறாத படியை ஏறியதாக இவர்கள் சொல்லிக்கொள்ளவும் இல்லை. நம் ஊரிலும் பள்ளி இறுதியோடு நின்று, தொழில் கற்று, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய பெரியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். கல்வித் தகுதிக் கட்டத்தில் 'எட்டாம் வகுப்பு' என்று அவர்கள் தலைநிமிர்ந்து எழுதலாம்.

ஸனதும் கத்தமும்

நம் மத்ரஸாக்களிலும் இக்கருத்து நெடுங்காலமாக உண்டு. ஓதி முடித்த ஆலிமுக்கு 'ஸனது' வழங்குகிறோம். ஸனது என்ற அரபுச் சொல்லுக்குச் சான்று என்றும் ஆதாரம் என்றும் பொருள். 'இஜாஸத்' என்பதற்கு அனுமதி என்று பொருள். தாம் கற்பித்ததைப் பிறருக்குக் கற்பிக்க ஆசிரியர் மாணவருக்கு வழங்கும் அனுமதி அது. இவ்விரு சொற்களும், தகுதியைத் தானே அறிவித்துக்கொள்ள முடியாது, அறிந்தவர் சான்று பகர வேண்டும் என்பதை உணர்த்துகின்றன. வேலூர் பாக்கியாத்தில் ஓதியவர் 'பாகவி' என்றும், லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் 'மன்பஈ' என்றும், நீடூர் மிஸ்பாஹுல் ஹுதாவில் ஓதியவர் 'மிஸ்பாஹி' என்றும் தம் பெயரோடு கற்ற இடத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அப்பெயரைச் சுமப்பவர் அம்மத்ரஸாவின் மானத்தையும் சுமக்கிறார்.

குர்ஆனைக் கத்தம் செய்யும் வழக்கத்தை எண்ணிப்பாருங்கள். இறுதி அத்தியாயத்தை ஓதி முடித்தவர் அந்த அமர்விலேயே மீண்டும் முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறார். முடிவும் தொடக்கமும் ஒரே மூச்சில் அமைகின்றன. அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாவுக்குக் 'கமென்ஸ்மென்ட்' என்று பெயர். அதற்குத் 'தொடக்கம்' என்று பொருள். படிப்பு முடியும் நாளைத் தொடக்கம் என்று ஏன் அழைத்தார்கள் என்று வியப்போர் உண்டு. கத்தம் செய்து பழகிய நமக்கு அதில் வியப்பில்லை.

மறைந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 1954இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலில் பி.எஸ்ஸி. படிப்பை முடித்தார். முடித்த பிறகுதான், தாம் நாடியது பொறியியல் என்பதை உணர்ந்ததாகத் தம் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்துச் சேர்க்கைக் கட்டணத்துக்கு வழி செய்தார். பட்டம் பெற்றவுடன் 'முடித்துவிட்டேன்' என்று அவர் அமர்ந்திருந்தால் அடுத்த படி இல்லை. அந்தச் சகோதரி கைகொடுக்காதிருந்தாலும் அடுத்த படி இல்லை.

நம் வேண்டுகோள்

மாணவச் செல்வங்களே! அரியர் இருந்தால் 'இருக்கிறது' என்று வீட்டில் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். பெற்றோர்களே! மூன்றாண்டு முடிந்ததும் 'முடித்துவிட்டாயா?' என்று கேட்பதோடு நிற்காமல், 'எல்லாத் தாளும் தேறிவிட்டதா, பட்டத்துக்கு விண்ணப்பித்தாயா?' என்று கேளுங்கள். பிள்ளை இல்லை என்றால் கோபம் கொள்ளாதீர்கள். கோபத்துக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் சொல்லை மாற்றிச் சொல்கிறார்கள்.

எங்கள் பங்காக, இவ்வாண்டு முதல் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறோம்: படிப்புக் காலம் முடிந்தது, எல்லாத் தாளும் தேறியது, பட்டம் பெற்றது. முதல் கட்டத்தில் மட்டும் குறியிட்டவர்களுக்கு நிலுவைத் தேர்வுக் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கும். பல்கலைக்கழகங்கள் நிலுவைத் தேர்வுகளை எழுதக் கால வரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே தாமதிக்காமல் வாருங்கள். முன்னர் நாம் கூறிய இளைஞர் இரண்டு தாள்களையும் பின்னர் எழுதித் தேறினார். இன்று இந்த மூன்று கட்டங்களையும் விண்ணப்பதாரர்களுக்கு விளக்கிச் சொல்லும் பணியை அவரே ஏற்றிருக்கிறார்.

ஏறிய படியை ஏறியதாகவும், ஏறாத படியை இனி ஏற வேண்டியதாகவும் சொல்லும் நேர்மையை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.